மகளைக் கவனித்த எட்டு வாரம்

நாற்பத்தொரு வயதில் நான் பி.எட். சேர்ந்தேன். "உன்னைப் பார்த்ததும் கிளாஸே எழுந்து நிக்கப் போறது, பார்த்துக்கோ" என்று கிளம்பும்போதே என் கணவர் சொன்னார். அப்படியேதான் நடந்தது. பம்பாய் மாட்டுங்காவில் இருந்த அந்தக் கல்லூரி வகுப்பறைக்குள் முதல் நாள் நான் காலை வைத்ததும் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றார்கள். நானும் பதற்றத்தில் "ஸிட் டவுன்" என்று சொல்லிவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள், எப்படிக் கற்கிறார்கள் என்று ஒரு பாடம் இருந்தது. அது எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறையாகப் பிடித்துப் போயிற்று. செம்பூர் மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கப் போனால், யார் குழந்தையோ ஒரு வெங்காயத்தைக் கீழே போட்டு எடுத்து, போட்டு எடுத்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றுவிடுவேன். திலக் நகர் ஸ்டேஷன் படியில் ஒரு சின்னப் பெண் "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, எட்டு" என்று எண்ணிக்கொண்டு ஏறினாள் என்பதற்காக நான் என் ரயிலையே விட்டிருக்கிறேன். வீட்டில் சாம்பாரில் உப்பு இருக்காது, ஆனால் சாப்பாட்டு மேஜையில் குழந்தை உளவியல் மட்டும் தாராளமாகப் பரிமாறப்படும்.

இவ்வளவு ஆட்டத்துக்கும் அடியில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவாள், அதுவும் பாதி ஹிந்தி கலந்து. எழுத்தைக் காட்டினால் கொட்டாவி வரும். ஐந்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை, எட்டு வருடம் நான் முட்டி மோதிவிட்டேன். குளியலறைக் கதவில் எழுத்து அட்டவணை ஒட்டினேன். அது ஆவியில் நனைந்து, பாதி மாதத்துக்குள் கீழ் வரிசையிலிருந்து உரிந்து விழுந்தது. மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். அங்கே அவள் கற்றுக்கொண்டது, பின்வாசல் வழியாக எப்படி நழுவலாம் என்பதைத்தான். ஒரு கோடையில், எழுத்துக்கு இவ்வளவு டேட்டா என்று மொபைல் ரீசார்ஜ் லஞ்சம் கொடுத்தேன். பன்னிரண்டு உயிரெழுத்தையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்தாள், டேட்டா தீர்ந்த அன்றைக்கு மறந்தும் போனாள். பெற்ற பிள்ளைக்கே சொல்லித்தர வக்கில்லாதவள் ஊரார் பிள்ளைக்கு என்ன கிழிக்கப் போகிறேன் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. இந்தப் படிப்பை முடித்தாலும், வகுப்பறையில் நிற்க எனக்குத் தகுதி உண்டா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

அப்போதுதான் எங்கள் மேடம் அந்த வேலையைக் கொடுத்தார். மேடம் மராத்திக்காரர், கண்டிப்பானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். வளரிளம் பருவத்துப் பிள்ளை ஒன்றை எட்டு வாரம் கவனித்து, தினமும் குறிப்பு எழுத வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. நோட்டைக் கவனிக்கப்படுகிற பிள்ளையிடம் காட்டவே கூடாது. காட்டினால் பிள்ளை நடிக்க ஆரம்பித்துவிடும். தினக் குறிப்பு அவரவர் மொழியில் இருக்கலாம், இறுதி அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இதில் தேறினால்தான் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைய வேண்டும்? மகளிடம் அனுமதி கேட்டேன்.

"என்ன எழுதுவ?"

"நீ எப்படிப் படிக்கற, எப்படிப் பழகறன்னு எழுதுவேன்."

"நான் படிச்சுப் பார்க்கலாமா?"

"கூடாது."

"அப்ப என்னமோ பண்ணிக்கோ, யார்" என்று ஹிந்தியில் தோழியிடம் சொல்வது போலச் சொல்லி, அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முதல் நாள் முதல் குறிப்பே அந்தக் கதவுதான்.

நோட்டை எங்கே ஒளித்து வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. தமிழில் எழுதினேன், ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன், அவ்வளவுதான். பம்பாய்த் தமிழர்களுக்கு இந்தத் திமிர் உண்டு. ரயிலில் லேடீஸ் டப்பாவில் எதிரே இருப்பவளின் புடவையிலிருந்து புருஷன் வரை தமிழில் அலசுவோம், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில். எத்தனையோ முறை அந்த எதிர் சீட்டுக்காரி இறங்கும்போது "கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்போதும் எங்களுக்குப் புத்தி வருவதில்லை. அதிலும் இது என் மகள், தமிழ் எழுத்தைக் கண்டால் கொட்டாவி விடுகிறவள். இதைவிடப் பெரிய பூட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வாரம் சந்தோஷமாக எழுதித் தள்ளினேன். கண்ணாடி முன் இருபத்திரண்டு நிமிடம். கணக்குப் புத்தகத்துக்குள் மொபைல். "என்னமோ" என்ற சொல் ஒரு நாளைக்குப் பதினோரு முறை. பாட்டுக் கேட்டுக்கொண்டே வரலாறு படித்தாள், மறுநாள் கேட்டால் வரலாறும் ஒப்பிக்கிறாள், பாட்டும் பாடுகிறாள். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி நுழைந்தன என்று ஒரு பக்கம் நிறைய வியந்திருந்தேன். நினைத்ததை எழுதாதே என்று மேடம் சொன்னதை நான் இரண்டாம் நாளே காற்றில் விட்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு புதுச் சிநேகிதி கிடைத்தாள். எட்டாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பெண், தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிற குடும்பம். நெற்றியில் விபூதி, இறுக்கிப் பின்னின இரட்டைச் சடை, வீட்டுக்கு வந்தால் உட்காராமல் நின்றுகொண்டே பேசும் மரியாதை. சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவாள். இருவரும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார்கள். அதையும் எழுதினேன்.

மூன்றாவது வாரம், சாப்பிடும்போது மகள் கேட்டாள்.

"மா, அலட்சியம்னா என்ன?"

"கேர்லெஸ். ஏன்?"

"சும்மா. எங்கயோ கேட்டேன்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. தானாக ஒரு தமிழ்ச் சொல்லைக் கேட்டிருக்கிறாள். அன்று நோட்டில் அழுத்தமாக எழுதினேன்: "மொழி ஆர்வம் தலைகாட்டுகிறது."

நான்கு நாள் கழித்து அதே மேஜையில் கேட்டாள். "மா, தலைகாட்டுதுன்னா என்ன? தலைய எதுக்குக் காட்டணும்?"

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் எழுந்து போய் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். "சீ, சட்னி கை" என்று துடைத்துக்கொண்டாள். அதையும் எழுதினேன்.

ஐந்தாவது வாரத்தில் என் மகள் திடீரென்று விசித்திரமானவள் ஆனாள். கதவை அறைந்து சாத்துகிறாள் என்று எழுதினால் மறுநாளிலிருந்து கதவு பஞ்சாகச் சாத்தப்பட்டது. தயிர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்று எழுதினேன், அந்த வார இறுதியில் மூன்று கிண்ணம் தயிர் சாப்பிட்டாள். "என்னமோ" என்ற சொல் ஒரு திங்கட்கிழமை அடியோடு காணாமல் போய், வெள்ளிக்கிழமை நாற்பது முறை வந்தது. "என்னமோ, குட் மார்னிங்" என்று எழுந்து "என்னமோ, குட் நைட்" என்று படுத்தாள். என் கணவர் டாக்டரிடம் காட்டலாமா என்றார். நான் அவரை அதட்டி உட்கார வைத்தேன். இது பொக்கிஷம், இதைப் போய் டாக்டரிடம் காட்டுவார்களா?

கிராஃப் தாளில் மேலும் கீழுமாக மலைமலையாக வரைந்தேன். ஆறாவது வாரக் கருத்தரங்கில் அதைத் தூக்கிப் பிடித்து, வளரிளம் பருவத்தின் ஊசலாட்டம் என்று இருபது நிமிடம் முழங்கினேன். தயிர்க் கோடு சிவப்பு, கதவுக் கோடு நீலம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இவ்வளவு தெளிவான ஏற்ற இறக்கத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். வகுப்பு கை தட்டியது. கடைசி பெஞ்சுக்காரியான நான் அன்று முன் வரிசையில் உட்கார வைக்கப்பட்டேன். மாட்டுங்காவில் ரயில் ஏறியவளுக்குத் தலை கால் புரியவில்லை. குர்லாவில் மாற வேண்டியவள் காட்கோபரில் போய் இறங்கி, அங்கே ஒரு கடையில் நின்று, எனக்கு நானே ஜிலேபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

எட்டாவது வாரம் சனிக்கிழமை. திங்களன்று நோட்டும் அறிக்கையும் கொடுத்தாக வேண்டும். மகள் கீழே பாவ் ரொட்டி வாங்கப் போயிருந்தாள். சிநேகிதி ஒரு டப்பாவில் இட்லி மாவோடு வந்தாள். வழக்கம் போல நின்றுகொண்டிருந்தாள். மாவைக் கொடுத்துவிட்டு ஃபிரிட்ஜ் மேலே பார்த்தாள்.

"இன்னைக்கு உள்ளத எழுதியாச்சா ஆன்ட்டி?" என்றாள்.

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தயிர், கதவு, நாற்பது "என்னமோ", சிவப்புக் கோடு, நீலக் கோடு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன.

"உட்காரு" என்றேன். முதல் முறையாக உட்கார்ந்தாள்.

"அவளத் திட்டிராதீய ஆன்ட்டி. வாசிச்சது நாங்க ரெண்டு பேருந்தான்."

"அவளுக்குத்தான் படிக்கவே தெரியாதே?"

"இப்ப தெரியும்லா."

அவள் மெதுவாகச் சொன்னாள். ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் அவள். எட்டாவதுக்கு இந்த இங்கிலீஷ் பள்ளிக்கு வந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று தெரிந்ததும் என் மகள் நோட்டை மொபைலில் படம் எடுத்துக் கொண்டுபோய் முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு நாளைக்கு ஒரு வரிதான் வாசிப்பேன்னு சொல்லிட்டேன் ஆன்ட்டி."

"ஏன் ஒரு வரி?"

அவள் சடை நுனியைத் திருகினாள். "மொத்தத்தையும் ஒரே நாள்ல வாசிச்சிட்டா மறுநாளு என் பக்கத்துல எதுக்கு வந்து உக்காரப் போறா? நான் இங்கிலீஷ் தப்புத் தப்பாப் பேசுவேம்லா. கிளாஸ்ல யாரும் என்கூட உக்கார மாட்டாவ."

அதனால் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிடுவாளாம். 'இன்று பள்ளியிலிருந்து வந்ததும் இவள்' என்பதோடு நிறுத்தி, மீதி நாளைக்கு என்பாளாம். என் மகளுக்குப் பொறுக்குமா? இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "எழுத்தச் சொல்லிக்குடு, நானே படிச்சுக்கறேன்" என்று உட்கார்ந்துவிட்டாளாம். உயிரெழுத்து டேட்டா காலத்திலிருந்தே அரைகுறையாக நினைவில் இருந்ததாம். மற்றதெல்லாம் புவியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நடந்திருக்கிறது.

"சொல்லிக்குடுத்துட்டா அப்புறம் வரமாட்டான்னு பயந்துக்கிட்டேதான் சொல்லிக்குடுத்தேன். ஆனா வந்தா ஆன்ட்டி."

எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா, எழுந்து ஆடுவதா என்று தெரியவில்லை. எட்டு வருடம் நான் செய்ய முடியாததை இந்தப் பெண் ஒரு மாதத்தில் செய்திருக்கிறாள். எந்தப் பாடப் புத்தகமும் இல்லாமல், பெஞ்சில் ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. அவளைக் கட்டிக்கொள்ளலாமா என்று நான் கையை நீட்டியபோது அவள் சொன்னாள்.

"ஒரு வரிய மட்டும் நான் வாசிக்கல. தொண்ட வலிக்குன்னு சொல்லிட்டேன்."

"எந்த வரி?"

"மூணாவது வாரத்துல உள்ளது."

எழுந்து போய் நோட்டை எடுத்துப் புரட்டினேன். என் கையெழுத்து, நல்ல மணியான கையெழுத்து: "தாராவியிலிருந்து வரும் பெண். படிப்புக்கு உதவாத சேர்க்கை. மெல்ல விலக்க வேண்டும்."

பார்த்ததை எழுது என்று மேடம் சொல்லியிருந்தார். இதில் நான் பார்த்தது எதுவுமே இல்லை.

"அத அவளே எழுத்துக் கூட்டி வாசிச்சா ஆன்ட்டி. முக்கா மணி நேரம் ஆச்சு. அவளா வாசிச்ச மொத வரி அதான்."

"அப்புறம்?"

"வாசிச்சிட்டு அவதான் அழுதா. நான் அழல. அப்புறம், 'எங்கம்மா தப்புத் தப்பாத்தான எழுதறா, இன்னும் தப்பா எழுத வைக்கலாம்'னா. அதுக்கப்புறந்தான் அந்தத் தயிரு."

என் மகள் வாழ்நாளில் தானாகப் படித்த முதல் தமிழ் வரி, அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவளைப் பற்றி நான் எழுதிய அவதூறு. அதற்குப் பிறகும் இந்தப் பெண் சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு மாவு கொண்டுவந்திருக்கிறாள். நானும் அதில் இட்லி வார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

"என்னை மன்னிச்சுடும்மா. தெரியாம, பார்க்காம எழுதிட்டேன்" என்றேன். அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள்.

கதவு திறந்தது. மகள் பாவோடு நின்றாள். என் கையில் நோட்டையும் சிநேகிதியின் முகத்தையும் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஸாரி சொன்னியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"சொன்னேன்."

"வாய்ல சொன்னா போதாது. அதே பக்கத்துல எழுது. நான் படிச்சுப் பார்ப்பேன்."

எழுதினேன். இருவரும் என் தோளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். என் மகள் விரல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, என் மன்னிப்பைச் சத்தமாகப் படித்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். "இதயும் எழுதிக்கோ, என்னமோ" என்றாள் அவள். அப்புறம் மூன்று பேரும் பாவ் ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்று தீர்த்தோம்.

திங்களன்று மேடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். மேடம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி இரண்டு முறை நழுவியது. பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் வாங்கிக்கொள்ள முடியாது" என்றார். "நீங்கள் அவளைக் கவனிக்கவில்லை, அவள்தான் உங்களைக் கவனித்திருக்கிறாள். வேறு பிள்ளை, மறுபடியும் எட்டு வாரம்." பயிற்சிக்கு என் வகுப்பு முழுக்கக் கிளம்பிப் போகும், நான் மட்டும் அடுத்த அணியோடுதான் போக முடியும். மறுபடியும் கடைசி பெஞ்ச். எனக்கென்னவோ வருத்தமே வரவில்லை. மொபைலை எடுத்து, வேறு பிள்ளை கிடைத்துவிட்டது என்று மகளுக்குத் தமிழில் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது, "யாரு" என்று, தமிழிலேயே.

அந்தச் சனிக்கிழமை நானும் மகளும் தாராவிக்குப் போனோம். சந்துக்குள் மூன்று திருப்பம், கிரைண்டர் சத்தத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். சிநேகிதியின் அம்மா கை முழுக்க மாவோடு வந்து நான் சொன்னதைக் கேட்டார்.

"எழுதிக்கிடுங்க. சரியா திங்க மாட்டான்னு மட்டும் எழுதிராதீய, நல்லாத் திங்குவா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"உனக்குச் சம்மதமா?" என்று பெண்ணிடம் கேட்டேன். "எழுதறத மறைக்க மாட்டேன். தினமும் நீயே படிச்சுப் பார்த்துக்கலாம். மேடம்கிட்ட கேட்டாச்சு, இந்தத் தடவை அப்படித்தான் எழுதப் போறேன்."

அவள் என் மகளைப் பார்த்தாள். இருவரும் ஏதோ கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

"தமிழ்ல எழுதாதீய ஆன்ட்டி" என்றாள். "தமிழ்னா நான் நிமிசத்துல வாசிச்சிருவேன். இங்கிலீஷ்ல எழுதுங்க. என்னையப் பத்தி என்ன எழுதியிருக்கீயன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்லா."

புது நோட்டைப் பையிலிருந்து எடுத்து அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அன்று என் கண்ணால் பார்த்ததை மட்டும், எளிய சொற்களாகத் தேடித் தேடி, ஆங்கிலத்தில் எட்டு வரி. ஒன்பதாவது வரியைப் பாதியில் நிறுத்தி, நோட்டை அவள் கையில் கொடுத்தேன்.